தரவுச் சேகரிப்புக் கருவிகளின் ஒத்தியக்கம்

தரவுச் சேகரிப்புக் கருவிகளின் ஒத்தியக்கம் என்பது, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அளவீட்டுக் கருவிகள் ஒரே கடிகாரத்தின் துடிப்புக்கு ஏற்ப அளவுகளைப் பதிவு செய்யும்படி அமைப்பதாகும். அதிர்வு, விசை, வெப்பநிலை, மின்னழுத்தம் போன்றவற்றை உணரிகள் மின்குறிப்புகளாக மாற்றுகின்றன. தரவுச் சேகரிப்புக் கருவி அந்த மின்குறிப்பைச் சீரான இடைவெளியில் அளந்து எண்களாகச் சேமிக்கிறது. ஒவ்வொரு முறை அளப்பதும் ஒரு மாதிரி எனப்படும். நொடிக்கு எத்தனை மாதிரிகள் எடுக்கப்படுகின்றன என்பது மாதிரி வீதம் ஆகும்.

ஒரே கருவியைக் கொண்டு அளக்கும்போது மாதிரிகளுக்கு இடையிலான நேரத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. அளக்க வேண்டிய இடங்கள் பலவாகவோ, ஒன்றுக்கொன்று தொலைவாகவோ இருக்கும்போது பல கருவிகள் தேவைப்படுகின்றன. அப்போது ஒரு கருவி பதிவு செய்த நிகழ்வு, இன்னொரு கருவி பதிவு செய்த நிகழ்வுக்கு முன்னால் நடந்ததா, பின்னால் நடந்ததா, எவ்வளவு நேர இடைவெளியில் நடந்தது என்ற கேள்வி எழுகிறது. இதற்கு விடை கூற உதவுவதே ஒத்தியக்கம்.

வரலாற்றுப் பின்னணி

வெவ்வேறு இடங்களில் உள்ள கடிகாரங்களை ஒன்றுபடுத்தும் தேவை மின்னணுக் கருவிகளுக்கு முன்பே தோன்றியது. தென்னிந்தியாவின் முதல் இரயில் பாதை 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து இன்றைய அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டது. அக்காலத்தில் ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வருவதைக் கொண்டு தன் நேரத்தைக் குறித்துக்கொண்டது. இரயில் கால அட்டவணைக்கு அது ஒத்துவரவில்லை. ஒரே பாதையில் எதிரெதிரே வண்டிகள் ஓடும்போது இரு நிலையங்களின் கடிகாரங்கள் வேறுபட்டால் விபத்துக்கு அதுவே காரணமாகிவிடும். 1792இல் அமைக்கப்பட்ட நுங்கம்பாக்கம் வானியல் ஆய்வகத்தின் நேரம், 'மெட்ராஸ் நேரம்' என்ற பெயரில் தந்திக் கம்பி வழியாக அனுப்பப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரயில்வேயின் பொது நேரமாகப் பயன்பட்டது. 1906 சனவரி 1 முதல் கிழக்கு நெட்டாங்கு 82.5 பாகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது.

ஒரு நம்பகமான கடிகாரம், அதன் துடிப்பைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் ஓர் இணைப்பு, அதைப் பின்பற்றும் பல கடிகாரங்கள் என்ற இந்த அமைப்பே இன்றைய கருவிகளிலும் உள்ளது. மாறியது துல்லியம் மட்டுமே. இரயில்வேக்குச் சில நொடிப் பிழை பெரிதல்ல. இன்றைய அளவீடுகளில் நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கும், சிலவற்றில் நூறு கோடியில் ஒரு பங்கும் கணக்கில் கொள்ளப்படுகின்றன.

மூன்று வேறுபட்ட தேவைகள்

ஒத்தியக்கம் என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு செயல்கள் குறிக்கப்படுவதுண்டு. இவற்றைப் பிரித்து அறிவது இன்றியமையாதது.

1. தொடக்கத் துடிப்பு: எல்லாக் கருவிகளும் ஒரே கணத்தில் பதிவைத் தொடங்க வேண்டும். இதற்காக ஒரு கம்பி வழியே அனுப்பப்படும் மின்துடிப்பு 'டிரிகர்' என வழங்கப்படுகிறது.

2. பொதுக் கடிகாரம்: தொடங்கிய பின் எல்லாக் கருவிகளும் ஒரே வேகத்தில் மாதிரிகளை எடுக்க வேண்டும்.

3. நேர முத்திரை: ஒவ்வொரு மாதிரியும் எந்த நாளில், எந்த மணி, நிமிடம், நொடியில் எடுக்கப்பட்டது என்பது குறிக்கப்பட வேண்டும்.

ஓட்டப் பந்தயத்தில் விசில் ஊதுவது முதலாவது. ஓடுபவர்கள் அனைவரும் ஒரே அடிவேகத்தில் ஓடுவது இரண்டாவது. விசில் ஊதும்போது எல்லாரும் சேர்ந்து புறப்பட்டாலும், அடிவேகம் வேறுபட்டால் சிறிது நேரத்தில் இடைவெளி விழுந்துவிடும். கருவிகளிலும் இதுவே நிகழ்கிறது. இரண்டு கருவிகளிலும் மாதிரி வீதம் 'நொடிக்கு 1,000' என்று அமைத்து, ஒரே துடிப்பில் தொடங்கிவிட்டால் போதும் என்று கருதுவது பரவலாகக் காணப்படும் தவறான புரிதல் ஆகும்.

கடிகார விலகல்

பெரும்பாலான கருவிகளில் நேரத்தைக் காப்பது குவார்ட்சுப் படிகம் ஆகும். மின்னழுத்தம் கொடுக்கும்போது அது ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிரும். கைக்கடிகாரத்தில் உள்ள படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண் 2இன் 15ஆம் படி என்பதால், தொடர்ந்து பாதியாக்கிக்கொண்டே சென்றால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும்.

எந்த இரண்டு படிகங்களும் முற்றிலும் ஒரே வேகத்தில் அதிர்வதில்லை. வெட்டப்பட்ட விதம், வயது, வெப்பநிலை ஆகியவற்றால் சிறு வேறுபாடுகள் ஏற்படுகின்றன. இந்த வேறுபாடு பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு என்று கூறப்படுகிறது. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்றால் ஒரு நொடிக்கு ஒரு மைக்ரோநொடி விலகல் எனப் பொருள்.

ஒரு மணி நேரத்தில் ஏற்படும் விலகல் வருமாறு:

பத்து இலட்சத்தில் 1 பங்கு எனில் 3.6 மில்லிநொடி.
பத்து இலட்சத்தில் 20 பங்கு எனில் 72 மில்லிநொடி.
பத்து இலட்சத்தில் 50 பங்கு எனில் 180 மில்லிநொடி.

சாதாரணப் படிகம் ஒன்று 25 பங்கு விரைவாகவும் மற்றொன்று 25 பங்கு மெதுவாகவும் ஓடுவது இயல்பே. அவற்றுக்கு இடையிலான வேறுபாடு 50 பங்கு. நொடிக்கு 1,000 மாதிரிகள் எடுக்கும் இரு கருவிகள் ஒரு மணி நேரத்திற்குப் பின் 180 மாதிரிகள் அளவுக்கு விலகியிருக்கும். கோப்பில் இரண்டின் வரிசை எண்ணும் ஒன்றாகவே இருப்பதால், பார்ப்பவருக்கு இப்பிழை தெரியாது.

வெப்பநிலையும் இதில் பங்கு கொள்கிறது. கைக்கடிகார வகைப் படிகம் 25 பாகை செல்சியசு அளவில் மிக விரைவாக அதிரும்படி செய்யப்படுகிறது. அதற்கு மேலோ கீழோ செல்லும்போது, வெப்பநிலை வேறுபாட்டின் வர்க்கத்திற்கு ஏற்ப அது மெதுவாகிறது. 45 பாகையில், அதாவது 20 பாகை கூடும்போது, பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 14 பங்கு மெதுவாகும். இது ஒரு நாளுக்கு ஏறத்தாழ 1.2 நொடி. சென்னைப் பகுதியின் கோடை வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்த கருவியும், குளிரூட்டிய அறையில் வைத்த கருவியும் ஒரே தயாரிப்பாக இருந்தாலும் ஒரே நேரத்தைக் காட்டா.

ஓர் எடுத்துக்காட்டு: ஊதுவிசிறியின் சமன்பாடு

1960களில் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையும், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பரவியுள்ள பட்டறைகளும் வாகன உதிரிபாகங்களுக்கும் இயந்திர வேலைகளுக்கும் பெயர் பெற்றவை. இத்தகைய இடங்களில் அடிக்கடி தேவைப்படும் ஒரு வேலை, சுழலும் பாகங்களின் பேலன்சிங் ஆகும். நேரப் பிழையின் விளைவை இதில் எளிதாகக் காணலாம்.

நிமிடத்திற்கு 3,000 முறை சுழலும் ஓர் ஊதுவிசிறியை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு பக்கத்தில் எடை சற்று மிகுந்திருந்தால் பேரிங் அதிரும். எதிர்ப் பக்கத்தில் ஒரு சமன் எடையைப் பொருத்தினால் அதிர்வு குறையும். எந்தக் கோணத்தில் பொருத்துவது என்பதே கேள்வி. ஷாஃப்டில் ஒளியைத் திருப்பும் பட்டை ஒன்றை ஒட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துடிப்பு பெறப்படுகிறது. அந்தத் துடிப்புக்கும் அதிர்வின் உச்சத்துக்கும் இடையிலான நேரமே கோணத்தைக் கூறுகிறது.

நிமிடத்திற்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லிநொடி. ஆகவே 1 மில்லிநொடி என்பது 18 பாகை; 5 மில்லிநொடி என்பது 90 பாகை; 10 மில்லிநொடி என்பது 180 பாகை. சுற்றுத் துடிப்பை ஒரு கருவியும் அதிர்வை மற்றொரு கருவியும் தனித்தனிக் கடிகாரத்தில் பதிவு செய்து, அவற்றுக்கிடையே 10 மில்லிநொடிப் பிழை இருந்தால், எடை நேர் எதிரே பொருத்தப்படும். அதாவது ஏற்கெனவே கனமான பக்கத்திலேயே இன்னும் எடை கூட்டப்படும். அதிர்வு குறைவதற்கு மாறாகப் பெருகும்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. நடைமுறையில் முதலில் விசிறியை உள்ளபடியே ஓட்டி அளந்து, பிறகு தெரிந்த கோணத்தில் ஒரு சோதனை எடையைப் பொருத்தி மீண்டும் ஓட்டி அளப்பார்கள். இரண்டு ஓட்டங்களின் வேறுபாட்டிலிருந்து சரியான கோணம் கணக்கிடப்படுகிறது. இம்முறையில் இரு கருவிகளுக்கும் இடையே 10 மில்லிநொடி வேறுபாடு மாறாமல் இருந்தால், அது இரண்டு ஓட்டங்களிலும் ஒரே அளவாக இருப்பதால் கணக்கில் தானாகவே நீங்கிவிடும். வேறுபாடு மாறினால்தான் சிக்கல். பத்து இலட்சத்தில் 50 பங்கு விலகும் இரு கடிகாரங்கள் 200 நொடியில், அதாவது 3 நிமிடம் 20 நொடியில், 10 மில்லிநொடி விலகிவிடுகின்றன. விசிறியை நிறுத்தி, எடையைப் பொருத்தி, மீண்டும் ஓட்டுவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகும்.

இதிலிருந்து ஒரு பொது விதி பெறப்படுகிறது. மாறாத தாமதத்தை அளந்து கழித்துவிடலாம். மாறிக்கொண்டே இருக்கும் தாமதத்தைக் கழிக்க இயலாது. மாறும் தாமதத்தை மாறாத தாமதமாக ஆக்கித் தருவதே பொதுக் கடிகாரத்தின் பணி.

ஒத்தியக்கும் முறைகள்

ஒரே பெட்டிக்குள் அமைத்தல்: பல அளவீட்டு அட்டைகளை ஒரே பெட்டியில் செருகி, பெட்டியின் பின்தளத்தில் உள்ள ஒரு கடிகாரத்தையே எல்லாவற்றுக்கும் கொடுப்பது எளிய முறை ஆகும். பி.எக்ஸ்.ஐ. வகைப் பெட்டிகளில் 10 மெகாஹெர்ட்சுப் பொதுக் கடிகாரமும், தொடக்கத் துடிப்புக்கான தனித் தடங்களும் உள்ளன. ஒவ்வோர் அட்டையும் தன் படிகத்தை இந்த 10 மெகாஹெர்ட்சுத் துடிப்போடு பூட்டிக்கொள்கிறது.

கம்பி வழி இணைத்தல்: தனித்தனிப் பெட்டிகளாக இருந்தால், ஒன்றைத் தலைமைக் கருவியாக வைத்து அதன் கடிகாரத்தையும் தொடக்கத் துடிப்பையும் கம்பிவடங்களின் வழியே மற்றவற்றுக்குக் கொடுக்கலாம். ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவிக்கு என்று சங்கிலியாக இணைத்தால் தாமதம் கூடிக்கொண்டே போகும். ஒரு பகிர்மானப் பெட்டியிலிருந்து எல்லாக் கருவிகளுக்கும் சம நீளமுள்ள கம்பிவடங்களை இழுத்தால் தாமதம் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கும். கம்பிவடத்தில் மின்குறிப்பு ஒரு மீட்டர் செல்ல ஏறத்தாழ 5 நானோநொடி ஆகும். 200 மீட்டருக்கு ஒரு மைக்ரோநொடி.

நேரக் குறியீடு: ஏவுகணைச் சோதனைத் தளங்களுக்காக அமெரிக்காவில் உருவான ஐரிக்-பி என்ற குறியீடு, நாள், மணி, நிமிடம், நொடி ஆகியவற்றை ஒவ்வொரு நொடியும் ஒருமுறை கம்பி வழியே அனுப்புகிறது. துணைமின் நிலையங்களில் இது இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

வலையமைப்பு வழி: கணினிகளில் பரவலாக உள்ள என்.டி.பி. நெறிமுறை பொதுவாக மில்லிநொடி அளவிலான துல்லியம் தருகிறது. ஐ.இ.இ.இ. 1588 என்ற தரநிலையில் வரையறுக்கப்பட்ட பி.டி.பி. நெறிமுறை, உரிய வன்பொருள் இருந்தால் மைக்ரோநொடிக்கும் குறைவான துல்லியம் தருகிறது. இரண்டும் ஒரே கருத்தில் அமைந்தவை. தலைமைக் கடிகாரம் ஒரு செய்தியை அனுப்புகிறது. பின்பற்றும் கடிகாரம் ஒரு செய்தியைத் திருப்பி அனுப்புகிறது. புறப்பட்ட நேரங்களும் வந்து சேர்ந்த நேரங்களும் குறிக்கப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, தலைமைக் கடிகாரம் 0ஆம் மைக்ரோநொடியில் அனுப்பிய செய்தி பின்பற்றும் கடிகாரத்தின் 50ஆம் மைக்ரோநொடியில் வந்து சேர்கிறது. பின்பற்றும் கடிகாரம் தன் 100ஆம் மைக்ரோநொடியில் அனுப்பிய செய்தி, தலைமைக் கடிகாரத்தின் 70ஆம் மைக்ரோநொடியில் சேர்கிறது. முதற்பயணத்தின் வேறுபாடு 50. இரண்டாவதன் வேறுபாடு −30. இவற்றின் கூட்டுத்தொகையில் பாதியான 10 மைக்ரோநொடி பயணத் தாமதம். கழித்து வரும் 80இல் பாதியான 40 மைக்ரோநொடி, பின்பற்றும் கடிகாரம் முந்தியிருக்கும் அளவு. போகும் வழியும் வரும் வழியும் ஒரே நேரம் எடுக்கின்றன என்ற எடுகோளில் இக்கணக்கு நிற்கிறது. நெரிசலால் ஒரு திசையில் மட்டும் தாமதம் ஏற்பட்டால், அதில் பாதி அப்படியே கடிகாரப் பிழையாகிவிடும்.

செயற்கைக்கோள் வழி: ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் உள்ளன. இஸ்ரோவின் நாவிக் அமைப்பிலும் அவ்வாறே. தரையில் உள்ள ஏற்பி ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் ஒரு துடிப்பு தருகிறது. இதன் துல்லியம் ஒரு மைக்ரோநொடியை விட மேம்பட்டது. கம்பி இழுக்க முடியாத நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவுகளுக்கு இதுவே நடைமுறை வழி. வானம் தெரியும் இடத்தில் ஏற்பியின் ஆன்டெனாவை வைக்க வேண்டும். ஆலைக் கூடத்தின் உள்ளே அது வேலை செய்யாது. மேலும், ஜி.பி.எஸ். நேரம் 2017 முதல் ஒருங்கிணைந்த உலக நேரத்தைவிட 18 நொடி முந்தியுள்ளது. ஒரு கருவி ஜி.பி.எஸ். நேரத்தையும் மற்றொன்று உலக நேரத்தையும் எழுதினால், இரண்டும் சரியாக இயங்கியும் பதிவுகளில் 18 நொடி வேறுபாடு இருக்கும். இந்தியச் சீர்நேரத்தையும் உலக நேரத்தையும் கலந்து எழுதினால் ஐந்தரை மணி நேரம் மாறும்.

பொது நிகழ்வைப் பதிதல்: கருவிகளை இணைக்கவே வழியில்லாதபோது, எல்லாவற்றிலும் ஒரே நிகழ்வைப் பதியச் செய்யலாம். பாலம் ஒன்றின் மேல் சுத்தியலால் ஓங்கித் தட்டுவது போன்றது இது. தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் தட்டினால், இரு தட்டுகளுக்கு இடையே எடுக்கப்பட்ட மாதிரிகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டு விலகலைக் கணக்கிட்டுத் திருத்தலாம். தொடக்கத்தில் மட்டும் தட்டினால் விலகலின் வேகம் தெரியாது. இடையில் விலகல் ஒரே சீராக இருந்தது என்று கொண்டே இத்திருத்தம் செய்யப்படுகிறது.

உதகமண்டலத்தின் கிரேப்ஸ்-3

தமிழ்நாட்டில் பல உணரிகளை நானோநொடி அளவில் ஒத்தியக்கும் ஆய்வுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உதகமண்டலத்தில் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், 25,000 சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 400 ஒளிர்வு உணரிகள் 8 மீட்டர் இடைவெளியில் அமைக்கப்பட்டுள்ளன. விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர் வளிமண்டலத்தில் மோதும்போது உண்டாகும் துகள்கள், ஒரு மெல்லிய தட்டு போலப் பரவி ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் தரையை அடைகின்றன.

அந்தத் தட்டு நேர் மேலிருந்து வந்தால் எல்லா உணரிகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் துடிக்கும். சாய்ந்து வந்தால் ஒரு பக்கத்து உணரிகள் முந்தும். ஒளி ஒரு நானோநொடியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் செல்லும். 30 பாகை சாய்வில் வரும் தட்டு, 100 மீட்டர் இடைவெளியுள்ள இரு உணரிகளைத் தொடுவதற்கு இடையே ஏறத்தாழ 167 நானோநொடி ஆகும். இந்த நேர வேறுபாட்டைக் கொண்டே கதிர் வந்த திசை கணக்கிடப்படுகிறது. அடுத்தடுத்த இரு உணரிகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், ஒரு நானோநொடிப் பிழை திசையில் ஏறத்தாழ 2 பாகைப் பிழையாகும். இது முழுநிலவின் விட்டத்தைப் போல நான்கு மடங்கு. உணரிகள் பலவாக இருப்பதாலும் பரப்பு பெரிதாக இருப்பதாலும் இப்பிழை குறைக்கப்படுகிறது.

இங்கு உணரிகளின் துடிப்புகள் நீண்ட கம்பிவடங்களின் வழியே மையக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே நேரம் குறிக்கப்படுகிறது. கடிகாரத்தைக் கருவிகளுக்குக் கொண்டுசெல்வதற்கு மாறாக, குறிப்புகள் கடிகாரத்திடம் வந்து சேர்கின்றன. பொதுக் கடிகாரம் கிடைத்த பின் எஞ்சுவது கம்பிவடங்களின் தாமதம் மட்டுமே. அதுவும் வெப்பநிலையோடு சிறிது மாறக்கூடியது என்பதால், அதை மீண்டும் மீண்டும் அளந்து கழிப்பது இத்தகைய ஆய்வுகளின் வழக்கமான பணியாகும்.

மின்தொகுப்பில் ஒத்தியக்கம்

இந்தியாவில் ஒத்தியக்கிய அளவீடு மிகப் பரந்த அளவில் பயன்படுவது மின்தொகுப்பில் ஆகும். மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. ஒரு சுழற்சிக்கு 20 மில்லிநொடி. மேலே கண்ட ஊதுவிசிறியின் கணக்கே இங்கும் பொருந்தும். இரு துணைமின் நிலையங்களின் மின்னழுத்த அலைகளுக்கு இடையிலான கோண வேறுபாடு, அவற்றுக்கிடையே எவ்வளவு மின்திறன் பாய்கிறது, பாதை எவ்வளவு அழுத்தத்தில் உள்ளது என்பதைக் கூறும். ஸ்ரீபெரும்புதூரில் உள்ள 400 கிலோவோல்ட் துணைமின் நிலையத்தின் கோணத்தைப் பல நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையத்தின் கோணத்தோடு ஒப்பிட வேண்டும் என்று கொள்வோம். கடிகாரப் பிழை ஒரு மில்லிநொடி இருந்தாலே 18 பாகை தவறிவிடும். ஜி.பி.எஸ். தரும் ஒரு மைக்ரோநொடித் துல்லியத்தில் பிழை 0.018 பாகை மட்டுமே.

இதற்கான கருவி கட்ட அளவீட்டு அலகு எனப்படும். இதை 1980களில் அமெரிக்காவின் வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்களுள் முதன்மையானவர், கரக்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற அருண் பட்கே ஆவார். இக்கருவிகள் நொடிக்கு 25 அல்லது 50 முறை நேர முத்திரையோடு அளவுகளை அனுப்புகின்றன. பழைய தொலை அளவீட்டு முறையில் சில நொடிகளுக்கு ஒருமுறையே அளவுகள் கிடைத்தன.

நேர முத்திரை இல்லாததன் விளைவு 2003 ஆகஸ்ட் 14இல் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேரைப் பாதித்த மின்தடையில் தெரியவந்தது. எந்த மின்பாதை முதலில் அறுந்தது என்று அறிய, நூற்றுக்கணக்கான பதிவுக் கருவிகளின் தரவு திரட்டப்பட்டது. பல கருவிகளின் கடிகாரங்கள் பொது நேரத்தோடு இணைக்கப்படாமல் இருந்ததால், நிகழ்வுகளை வரிசைப்படுத்துவதற்கே பெரும் உழைப்புத் தேவைப்பட்டது. பதிவுக் கருவிகள் கட்டாயமாக ஒத்தியக்கப்பட வேண்டும் என்பது இருநாட்டு விசாரணைக் குழுவின் பரிந்துரைகளுள் ஒன்று.

இந்தியாவில் 2012 சூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு வடக்கு மின்தொகுப்பு வீழ்ந்தது. மறுநாள் பிற்பகல் 1 மணியளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் வீழ்ந்து, 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் இருளில் மூழ்கின. தெற்கு மின்தொகுப்பு அப்போது மற்றவற்றோடு நேர்திசை மின்பாதைகளால் மட்டுமே இணைந்திருந்தது. அதன் அதிர்வெண் தனித்து இயங்கியது. ஆகவே தமிழ்நாடு அந்த வீழ்ச்சியிலிருந்து தப்பியது. வடக்குப் பகுதியில் அதற்குமுன் சோதனை முறையில் நிறுவப்பட்டிருந்த சில கட்ட அளவீட்டு அலகுகளின் பதிவுகள், வீழ்ச்சியின் போக்கை ஆராய உதவின. அவற்றைப் பரவலாக நிறுவ வேண்டும் என்று விசாரணைக் குழு பரிந்துரைத்தது. பின்னர் நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அலகுகள் நிறுவப்பட்டன.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தெற்குத் தொகுப்பும் தேசியத் தொகுப்போடு இணைந்தது. அன்று முதல் நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் இயங்குகிறது. வடக்கே ஏற்படும் ஒரு குலுக்கல் இப்போது தெற்கிலும் உணரப்படும் என்பதால், எங்கு எது முதலில் நிகழ்ந்தது என்று கூறக்கூடிய அளவீடு முன்னிலும் தேவையாகியுள்ளது.

பொதுக் கடிகாரம் நீக்காத பிழைகள்

கடிகாரம் ஒன்றாக இருந்தாலும் சில தாமதங்கள் எஞ்சும்.

முறைவைத்து அளத்தல்: விலை குறைந்த கருவிகளில் ஒரே எண்மாற்றி எல்லாத் தடங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அளக்கும். மொத்தம் நொடிக்கு 8,000 மாதிரி எடுக்கும் கருவியில் 8 தடங்கள் இருந்தால், அடுத்தடுத்த தடங்களுக்கு இடையே 125 மைக்ரோநொடி வேறுபடும். முதல் தடத்துக்கும் எட்டாவது தடத்துக்கும் 875 மைக்ரோநொடி. 50 ஹெர்ட்சு குறிப்பில் இது 15.75 பாகை. ஒவ்வொரு தடத்திற்கும் தனி எண்மாற்றி உள்ள கருவிகளில் இந்தச் சிக்கல் இல்லை.

வடிப்பித் தாமதம்: தேவையற்ற உயர் அதிர்வெண்களை நீக்கும் வடிப்பிகள் குறிப்பைச் சிறிது தாமதிக்கச் செய்யும். இத்தாமதம் கருவியின் வகைக்கும் மாதிரி வீதத்திற்கும் ஏற்ப மாறும். வெவ்வேறு வகைக் கருவிகளைக் கலந்து பயன்படுத்துவோர் இதைத் தனித்தனியே அளந்து திருத்த வேண்டும்.

கணினிக் கட்டளை: பதிவைத் தொடங்கும் கட்டளையைக் கணினியிலிருந்து யு.எஸ்.பி. வழியே அனுப்பும்போது, அது கருவியைச் சென்றடையும் நேரம் ஒவ்வொரு முறையும் மாறும். எனவே துல்லியம் தேவைப்படும்போது தொடக்கத் துடிப்பைத் தனிக் கம்பியில் அனுப்ப வேண்டும்.

சரிபார்த்தல்

ஒத்தியக்கம் சரியாக உள்ளதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே குறிப்பு உருவாக்கியின் வெளியீட்டை எல்லாக் கருவிகளிலும் ஒவ்வொரு தடத்துக்குக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். வந்த அலைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் ஒத்தியக்கம் உள்ளது. சிறு இடைவெளி இருந்தால் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் அதையே செய்து பார்க்கும்போது இடைவெளி மாறாமல் இருந்தால், அது கம்பிவடம் அல்லது வடிப்பியின் நிலையான தாமதம், கணக்கில் கழித்துவிடலாம். இடைவெளி வளர்ந்திருந்தால், கருவிகள் பொதுக் கடிகாரத்தைப் பின்பற்றவில்லை. ஒவ்வொன்றும் தன் படிகத்திலேயே ஓடுகிறது.

இதனால்தான் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் சரிபார்ப்பது போதாது. முதல் நிமிடத்தில் ஒன்றாகத் தோன்றும் இரு கடிகாரங்களை வேறுபடுத்திக் காட்டுவது, இடையில் கழியும் நேரமே. முக்கியமான அளவீடு ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் இச்சோதனையைச் செய்து, அதன் முடிவையும் தரவுக் கோப்போடு சேர்த்து வைத்தால், பிற்காலத்தில் அத்தரவைப் படிப்பவரும் அதன் நேரத்தை நம்ப முடியும்.